ஆனவண்டி ரோஸ் கலரில் ஓடும் நாள்

இந்தோனேசிய ஆட்டத்துக்குள் கேரள பஸ் ஓட்டும் பையன்களின் பட்டறையில் ஒரு ஜாலி ரவுண்டு. ‘அடுத்த அப்டேட்ல எல்லாம் வந்துடும்’ என்று காத்திருப்பவர்கள் முன்பக்கம் ஏறவும்!

சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. ஃபாஸ்ட் பாசஞ்சர் நிற்கிறது. முகப்பில் இரட்டை யானை முத்திரை, அதனால்தான் கேரளத்தில் ‘ஆனவண்டி’ என்ற செல்லப் பெயர். நம்பர் பிளேட்டில் கேஎல்-15. பலகையில் மலையாளத்தில் ‘திருவனந்தபுரம்’. கண்டக்டர் கயிற்றை இரண்டு தடவை இழுக்கிறார். டபுள் பெல்! வண்டி உறுமிக்கொண்டு கிளம்புகிறது. அடுத்த ஸ்டாப் நெய்யாற்றின்கரையா? இல்லை, சுரபயா!

கையளவு போன் திரைக்குள், ஜாவா தீவின் ரோட்டில், நம் பக்கத்து மாநிலத்து அரசு பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிற பையன் இருப்பது தம்பானூர் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மாடி அறையில். இந்த விந்தைக்குப் பெயர் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’. பையன்கள் வாயில் சுருக்கமாக ‘பஸ்ஸிட்’. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-இல் ஆண்ட்ராய்டு போனுக்காக வெளியிட்ட ஆட்டம். கூகுள் பிளேயில் 10 கோடி டவுன்லோடைத் தாண்டிவிட்டது. போன் ஆட்டங்களின் ஆயுளுக்கு இது கிட்டத்தட்ட தாத்தா வயசு. ஆனாலும் தாத்தா இன்னும் ஸ்டீரிங்கை விடவில்லை.

காரணம், ஆட்டத்தில் இருக்கிற இரண்டு திறந்த கதவுகள். முதல் கதவு, பஸ்ஸின் மேல் நீங்களே வண்ணம் பூசிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் லிவரி. இரண்டாவது கதவு இன்னும் பெரியது. வண்டியையே நீங்கள் செய்து உள்ளே விடலாம். அதுதான் மாட். இந்த இரண்டாவது கதவு வழியாகத்தான் கேரளமே உள்ளே போய்விட்டது. அரசு பஸ், டூரிஸ்ட் பஸ், தனியார் ‘லைன் பஸ்’, ஆட்டோ, டிப்பர் லாரி, எது வேண்டும்? நம் ஆட்களும் சும்மா இருப்பார்களா? களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் டி.என்.எஸ்.டி.சி.யும் எஸ்.இ.டி.சி.யும் அதே கதவில் நுழைந்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஜாவாவில் ஏன் இவ்வளவு வீட்டு ஞாபகம்?

உலகத்தில் பஸ் ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனியில் ஓட்டலாம், அமெரிக்காவில் ஓட்டலாம். ஆனால் அங்கே எல்லாம் வலப்பக்கம் போக வேண்டும், ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கும், பாசஞ்சர் வலப்பக்கக் கதவில் ஏறுவார். நம் பஸ்ஸை அப்படியே கொண்டுபோய் நிறுத்தினால் கதவு நடு ரோட்டைப் பார்த்துத் திறக்கும். இந்தோனேசியாவில் அந்தச் சிக்கலே இல்லை. நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம், வலப்பக்க ஸ்டீரிங். வெளியே பார்த்தால் தென்னை மரம், ஓட்டு வீடு, குறுகின ரோடு, முந்தப் பார்க்கும் பைக். கேரளத்துப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

ஹார்ன் விஷயத்தில் இன்னும் பெரிய ஒற்றுமை. 2016 டிசம்பரில் ‘ஓம் தெலோலெட் ஓம்’ என்ற வாசகம் உலக இணையத்தையே ஒரு கலக்குக் கலக்கியது நினைவிருக்கிறதா? ஜாவாவில் ரோட்டோரம் நிற்கும் பிள்ளைகள், போகிற பஸ் டிரைவரிடம் “அண்ணே, ஹார்ன் அடிங்கண்ணே” என்று அட்டை காட்டிக் கேட்பார்கள். அவர் பாட்டாகவே ஊதிவிட்டுப் போவார். அதற்கு அடுத்த வருஷம் வந்த ஆட்டத்தில் அந்த ஹார்ன் இல்லாமல் இருக்குமா? கேரளத்திலும் டூரிஸ்ட் பஸ் என்றால் பாட்டுப் பாடும் ஏர் ஹார்ன்தான் பையன்களின் உயிர். ஆனால் பல சுரத்தில் கத்தும் ஹார்னை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-வது விதி தடுக்கிறது. 2025 அக்டோபரில் கொச்சியில், பறிமுதல் செய்த ஏர் ஹார்ன்களைத் தரையில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். நிஜ ரோட்டில் நசுங்கின ஹார்ன் பஸ்ஸிட்டில் நிம்மதியாக ஊதிக்கொண்டிருக்கிறது. அபராதம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஜன்னலைச் சாத்துவார்.

நிறத்துக்கும் இதே கதை. 2022 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற டூரிஸ்ட் பஸ் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கேரள அரசு டூரிஸ்ட் பஸ்களின் வண்ண விதியைக் கண்டிப்பாக்கியது. எல்லாம் வெள்ளை. உடல் முழுக்க ஓவியமும் மினுக்கு விளக்குமாக வந்த வண்டிகள் ரோட்டிலிருந்து மறையத் தொடங்கின. அது சரியான முடிவுதான், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பழைய ஓவியங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று யாராவது கேட்டால், லிவரிக் கோப்புகளில் இருக்கின்றன. ஒரு மாநிலத்து வாகனக் கலையின் ஆவணக் காப்பகத்தை, யாரும் கேட்காமலே, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

1938-லேயே மாட் போட்ட ஊர்

மாட் போடுவது திருவனந்தபுரத்துக்குப் புதுசா என்ன? 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையை மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த ஈ.ஜி. சால்ட்டர் என்பவரைக் கூட்டிவந்து பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து இறக்கியது முழு பஸ் அல்ல, 60 காமர் சேஸிஸ். அதில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். மேலே உட்கார்ந்த பாடியை உள்ளூர் ஆட்களே கட்டினார்கள். அன்று நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் திருவிதாங்கூரில் இருந்தபடியால், இன்றைக்குத் தமிழ் படிக்கிற நம்மில் பலரின் தாத்தா பாட்டிகள் பயணம் போனது அந்த வண்டிகளில்தான். 1965 ஏப்ரல் 1-இல் அந்தத் துறை கே.எஸ்.ஆர்.டி.சி. ஆனது. பிறகும் பாப்பனங்கோடு சென்ட்ரல் ஒர்க்ஸில், லேலண்ட் சேஸிஸ் வந்து நிற்க, தகரமும் சட்டமும் ரிவெட்டுமாகப் பாடி ஏறிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸிட் மாட் என்பதும் இதேதான். ஓட்டம், பிரேக், எஞ்சின் விசை, ரோட்டின் பிடிப்பு, இதெல்லாம் ஆட்டத்துக்குச் சொந்தமான சேஸிஸ். பையன் செய்து ஏற்றுவது பாடி. இந்த ஒரு படத்தை மனசில் மாட்டிக்கொள்ளுங்கள், மீதிக் கதை தானாகப் புரியும். ஏனென்றால் அப்டேட் என்பது, பாடியைக் கழற்றாமல், பாசஞ்சரையும் இறக்காமல், அடியில் சேஸிஸை மாற்றுகிற வேலை!

பட்டறைக்குள் வாங்க!

முதல் வேலை போட்டோ. தம்பானூரிலும் கிழக்கேக்கோட்டையிலும் போனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றிவரும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். செல்ஃபி எடுக்கவில்லை, அளவு எடுக்கிறார்கள். முகப்பு, முதுகு, இரண்டு பக்கம், டேஷ்போர்டு, சீட்டு ரெக்ஸினின் நிறம், ஜன்னலில் மழைக்கு இறக்கும் ஷட்டர், மணிக்கயிறு ஓடும் வளையம். முகப்பில் எழுதியிருக்கும் பானட் எண்ணையும் விட மாட்டார்கள். ‘ஆர்.பி.சி.’ வரிசை வண்டியில் ‘ஏ.டி.சி.’ என்று எழுதிவிட்டால் கமென்ட்டில் கிழித்துத் தொங்கவிட ஒரு படையே காத்திருக்கும்.

அடுத்தது பிளெண்டர். முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருள். காசு கிடையாது, கட்டற்ற மென்பொருள். இந்தப் பையன்களுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட்டால் பூஜப்புரைப் பக்கம் போக வேண்டும். கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் ‘கைட்’ நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். 2018 ஜனவரியில் அவர்கள் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இயங்குகின்றன. அவற்றின் முகாம்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பிளெண்டரில் அனிமேஷன் செய்கிறார்கள். மாநிலத்துக் கணினிப் பாடநூல் தமிழிலும் உண்டு. ஆக, ஒன்பதாம் வகுப்பில் கனசதுரத்தை இழுத்து நீட்டப் பழகின கை, பிளஸ் டூ லீவில் அதே கனசதுரத்தை பஸ் ஆக்குகிறது!

கரமனையில் இருக்கும் என் அக்கா மகன் இந்தக் கூட்டத்தில் ஒருத்தன். அவன் திரையில் பஸ் முழுசாகத் தயார். ஆனால் அவன் ஒரே ஒரு முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“ஏண்டா, வண்டி அழகா நிக்குதே, இன்னும் என்னடா?”

“மாமா, நிக்கும். ஓடாது.”

“ஓடாம?”

“பறக்கும். பாருங்க.”

பட்டனைத் தட்டினான். பஸ் அப்படியே நிற்க, முன்சக்கரம் மட்டும் வண்டியை விட்டுக் கிளம்பி, கூரைக்கு மேலே ஏறி, டிக்கிப் பக்கம் இறங்கி, அடியில் புகுந்து மறுபடி முன்னால் வந்தது. அதற்கு ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் சிரித்த சிரிப்பில் அக்கா காபியோடு ஓடிவந்துவிட்டாள்.

சங்கதி இவ்வளவுதான். ஒவ்வொரு உருப்படிக்கும் ‘நீ எதை மையமாக வைத்துச் சுழல வேண்டும்’ என்று ஒரு புள்ளி குறிக்க வேண்டும். அதற்குப் பிவட் என்று பெயர். சக்கரத்தின் பிவட் சக்கரத்தின் நடுவில் இருந்தால் உருளும். பஸ்ஸின் நடுவில் இருந்தால் பஸ்ஸையே பிரதட்சணம் செய்யும். ஒரு புள்ளி இடம் மாறினால் இந்தக் கூத்து.

இன்னொரு பிரசித்தமான கூத்தும் உண்டு. பிளெண்டரில் ‘மேலே’ என்பது இசட் அச்சு. பஸ்ஸிட் ஓடும் யூனிட்டி எஞ்சினில் ‘மேலே’ என்பது ஒய் அச்சு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அச்சைச் சரிசெய்யாவிட்டால், இவ்வளவு பாடுபட்டுச் செய்த பஸ் ஆட்டத்துக்குள் போய்ச் செங்குத்தாக எழுந்து நின்றுகொள்ளும். முதல் மாட் செய்கிற எல்லாப் பையனும் இதைப் பார்த்து அலறியிருப்பான். அது ஒரு ஞானஸ்நானம்.

பிறகு வண்ணம். லிவரி என்பது பஸ்ஸின் தோலை உரித்துத் தட்டையாக விரித்த படம். பெரும்பாலும் 2048-க்கு 2048 புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வையுங்கள். சுருக்காமல் வைத்தால் 16 எம்.பி. நினைவகம். ‘இன்னும் தெளிவா வேணும் சேட்டா’ என்று ரசிகர் கேட்கிறார். 4096 ஆக்கினால்? இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 64 எம்.பி. ஒரே ஒரு பஸ்ஸின் வெளித்தோலுக்கு! உள்ளே சீட்டு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, ரோடு இருக்கிறது, எதிரே லாரி வருகிறது. படம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் நொடிக்கு 60 தடவை திரையை வரைய வேண்டும். அதாவது ஒரு தடவைக்கு 16.7 மில்லி நொடி. அதற்குள் முடியவில்லை என்றால் படம் இழுக்கும், போன் சுடும். பாதி பிள்ளைகள் வைத்திருப்பது அண்ணனோ அக்காவோ கொடுத்த பழைய போன். அந்தப் போனில் ஓடாத மாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அரங்குக்கு வராத படம்தான்.

கடைசிக் கட்டம் வெளியீடு. கோப்பைச் சுருக்கி, பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டை யூடியூப் வீடியோவின் நடுவில் எங்கேயோ ஒளித்துவைப்பார்கள். வீடியோவை முழுசாகப் பார்த்தால்தான் கதவு திறக்கும். ‘என் முகப்பைத் திருடி உன் வண்டிக்கு வைத்துவிட்டாய்’ என்ற சண்டைகளும் தவறாமல் நடக்கும். சின்னச் சினிமாத் துறை போல எல்லாம் உண்டு, சம்பளம் மட்டும் கிடையாது.

அப்டேட் வந்த காலை

இப்போது காட்சி மாறுகிறது. போனில் ‘புதிய பதிப்பு’ என்று வருகிறது. ஊரே குதிக்கிறது. தட்டியாச்சு, இறங்கியாச்சு. ஆட்டத்தைத் திறந்தால்… சிவப்பு மஞ்சள் ஆனவண்டி பளீரென்று ரோஸ் கலரில் நிற்கிறது!

பயப்பட வேண்டாம், யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. ஒரு பரப்பின் மேல் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் சின்ன நிரலுக்கு ஷேடர் என்று பெயர். எஞ்சினின் பதிப்பு மாறும்போது பழைய ஷேடர் பொருந்தாமல் போகலாம். ஷேடர் கிடைக்காவிட்டால் யூனிட்டி அந்தப் பொருளைக் கண்ணைப் பறிக்கும் மஜெந்தாவில் காட்டும். ‘இங்கே ஏதோ குறைகிறது, கவனி’ என்று கத்துவதற்காக வேண்டுமென்றே வைத்த நிறம் அது.

ரோஸ் ஆவது ஒரு வகை. வேறு வகைகளும் உண்டு. சஸ்பென்ஷன் கணக்கை மாற்றியிருந்தால் நேற்று வரை சமர்த்தாக ஓடின வண்டி இன்று வேகத்தடையில் தவளை மாதிரி குதிக்கும். கேரளத்து வாகனங்களை எதிரே ஓடவிடுவதற்காக ஆட்டத்தின் பெரிய தரவுக் கோப்பையே திருத்திப் போட்டிருப்பார்கள் சிலர். பையன்கள் அதை ‘ஓ.பி.பி.’ என்பார்கள். அது அந்தந்தப் பதிப்புக்கே அளவெடுத்துத் தைத்தது, புதிய பதிப்பில் நுழையவே நுழையாது.

சரி, இவ்வளவு ரகளை என்றால் அப்டேட்டே வேண்டாமே? அங்கேதான் சிக்கல். மலேயோ நினைத்தாலும் சும்மா இருக்க முடியாது. 2019 ஆகஸ்ட் 1 முதல் கூகுள் பிளேயில் வரும் எல்லாப் புதிய செயலிக்கும் அப்டேட்டுக்கும் 64-பிட் வடிவம் கட்டாயம். பழைய யூனிட்டியில் செய்த ஆட்டங்களுக்கு மட்டும் 2021 ஆகஸ்ட் வரை தவணை கொடுத்தார்கள். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11, செயலிகள் போனின் பொதுக் கோப்புறைகளில் தாராளமாகக் கைவைப்பதைக் கட்டுப்படுத்தியது. ‘மாட் கோப்பை இந்த ஃபோல்டரில் போடு’ என்று வாழ்ந்த உலகத்துக்கு அது பேரிடி. போதாததற்கு, புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டே இரு என்று கூகுள் வருஷாவருஷம் வரம்பை உயர்த்துகிறது. சேஸிஸை மாற்றாவிட்டால் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கிடைக்காது. அவ்வளவுதான்.

பெரிய இடத்திலும் இதே கதைதான்

‘மலேயோ சின்னக் கம்பெனி, அதனால்தான் இப்படி’ என்று முணுமுணுக்கிறவர்களுக்கு ஒரு உலகச் சுற்றுலா.

ராக்ஸ்டார் கம்பெனி தெரியும்தானே? நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் ஆடித்தான் வளர்ந்தது. அவை உட்பட மூன்று பழைய ஜி.டி.ஏ. ஆட்டங்களை மெருகேற்றி 2021 நவம்பர் 11-இல் ஒரே தொகுப்பாக விட்டார்கள். அறிவிப்பிலேயே எதிர்பார்ப்பு வானத்தைத் தொட்டது. வந்து பார்த்தால் முகங்கள் பொம்மை மாதிரி, மழை வெள்ளைக் கோடு மாதிரி, எங்கு பார்த்தாலும் பிழை. சுமார் ஒரு வாரத்தில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, விற்பனையிலிருந்து எடுத்த பழைய கணினிப் பதிப்புகளைத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னது. அவ்வளவு பணம் இருக்கிற இடத்திலேயே இந்தக் கதி!

‘ஃபால்அவுட் லண்டன்’ கதை இன்னும் நெஞ்சைப் பிசையும். ஃபால்அவுட் 4 ஆட்டத்தின் மேல், ரசிகர்களே வருஷக்கணக்காகச் சேர்ந்து கட்டின பிரம்மாண்ட மாட். 2024 ஏப்ரல் 23 வெளியீடு என்று நாள் குறித்தாயிற்று. மூல ஆட்டத்தின் பெரிய அப்டேட் ஏப்ரல் 25 என்று நிறுவனம் அறிவித்தது. இரண்டு நாள் இடைவெளி! கட்டின பாடி பொருந்துமா என்று தெரியாமல் வண்டியை எடுக்க முடியாதே. தள்ளிவைத்து, கடைசியில் ஜூலை 25-இல் விட்டார்கள்.

நல்ல கதையும் இருக்கிறது. யூரோ டிரக் சிமுலேட்டர் 2, 2012-இல் வந்தது, இன்னும் வளர்கிறது. அவர்கள் புதிய பதிப்பை முதலில் சோதனைக்கு என்று திறந்துவிடுகிறார்கள். பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகவும் ஸ்டீமில் வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாட் இன்னும் தயாராகவில்லையா, பழையதிலேயே ஓட்டுங்கள். பழைய ஜெர்மனி வரைபடத்தைப் புதுப்பிப்பதைக்கூட ஒரே மூச்சில் செய்யவில்லை. 2021-இல் 1.40 பதிப்பில் முதல் துண்டு, மீதி பிறகு பிறகு. ‘ஜெர்மனி முழுக்க ஒரே நாளில் வருது’ என்று சத்தியம் செய்யவில்லை.

இன்னொன்று நம் மனசுக்கு நெருக்கம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 1999-இல் வந்த ஆட்டம். அதற்கு ரசிகர்கள் செய்த மாட் 2013-இல் அதிகாரபூர்வத் தொகுப்பாகவே மாறியது. செய்தவர்கள் மாடர்களாக இருந்து ஆட்டத்தை வளர்ப்பவர்களாகவே ஆனார்கள். 2022-இல் அதே ஆட்டத்துக்குள் ராஜேந்திர சோழன் கப்பலேறி வந்துவிட்டார், கேரளத்து உருமி வாளும் கூடவே வந்தது! நம்ம ராஜா உள்ளே வர 23 வருஷம். பொறுத்தார் கடாரம் ஆள்வார்.

அப்போ என்னதான் எதிர்பார்க்கலாம்?

பஸ்ஸிட் வீடியோக்களின் கீழே அதிகம் வரும் ஆசைகளை எடுத்துக்கொள்வோம்.

‘திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் அப்படியே வேணும்.’ ஆசை நல்ல ஆசை. தூரம் சுமார் 70 கிலோமீட்டர். இப்போது சொன்னேனே யூரோ டிரக், சம்பளம் வாங்கும் பெரிய குழு செய்யும் ஆட்டம், அதன் வரைபட அளவே 19-க்கு 1. அந்தக் கணக்கில் தம்பானூரிலிருந்து நாகர்கோவில் நாலு கிலோமீட்டர்கூட வராது. பாலராமபுரம் ஒரு வளைவு, பாறசாலை ஒரு செக்போஸ்ட், களியக்காவிளையில் ஒரு டீக்கடை, தக்கலையில் ஒரு நெரிசல், இறங்கவும். அப்படி நாலு கிலோமீட்டரைக் கூர்மையாகச் செய்தால் அதுவே திருவிழா. எழுபதையும் கேட்டால் எதுவும் வராது.

‘பழைய மாட் எல்லாம் முதல் நாளே ஓடணும்.’ ஓடாது. மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கும் பையன் திறந்து, ஷேடரை மாற்றி, மறுபடி ஏற்றிவிடுவான். ஆனால் கணினி மாற்றியபோது கோப்பைத் தொலைத்தவர், கல்யாணமாகி வளைகுடாவுக்குப் போய்விட்டவர், இன்னொருத்தர் பாடியை வாங்கி முகப்பை மட்டும் மாற்றியவர், இவர்கள் வண்டியெல்லாம் பழைய பதிப்போடு ஷெட்டுக்குப் போனதுதான். வருத்தம்தான். ஆனால் 1938-இல் கட்டின காமர் பாடியைப் பிறகு வந்த லேலண்ட் மேல் ஏற்ற முடியவில்லையே என்று பாப்பனங்கோட்டில் யாரும் அழவில்லை. புதுசாகக் கட்டினார்கள்.

‘கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கணும், என் பழைய போன்லயும் ஓடணும்.’ மேலே சொன்ன 16.7 மில்லி நொடியை இன்னொரு தடவை படிக்கவும்.

‘நம்ம பஸ்ஸை மலேயோவே ஆட்டத்துல வைக்கணும்.’ இது நடக்காவிட்டால் கோபப்படக் கூடாது. அது இந்தோனேசியர்கள் தங்கள் ரோட்டை நேசித்துச் செய்த ஆட்டம். நமக்காகக் கதவைத் திறந்துவைத்ததே பெரிய மனசு. தவிர, அரசு முத்திரை, நிறுவனப் பெயர், இதற்கெல்லாம் அனுமதி என்று ஒன்று உண்டு. ‘கே.எஸ்.ஆர்.டி.சி.’ என்ற பெயருக்கே கேரளமும் கர்நாடகமும் வருஷக்கணக்காக உரிமைச் சண்டை போட்டன!

எதிர்பார்க்கக் கூடியது என்ன? சின்னச் சின்ன விஷயங்கள். கண்ணாடியில் மழைத்துளி இன்னும் அழகாக வழியலாம். ரிவர்ஸ் கண்ணாடி தெளிவாகலாம். மாட் ஏற்றும் முறை எளிதாகலாம். கொஞ்ச நாள் கழித்து நல்ல மாட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், முன்னைவிட மெருகோடு வரும். ஏனென்றால் மறுபடி திறக்கிற பையன் சும்மா ஷேடரை மட்டும் மாற்றிவிட்டு மூடுவதில்லை. பழைய தவறு கண்ணில் படும். ‘இந்தப் படிக்கட்டை அப்போ சரியாப் பண்ணலையே’ என்று உட்கார்ந்துவிடுவான். அக்கா மகனிடம் பார்த்தேன். ரோஸ் கலரைப் போக்கத்தான் உட்கார்ந்தான். முடிக்கும்போது ஷட்டருக்குக் கொக்கி முளைத்திருந்தது, மணிக்கயிறு பிரேக் போட்டால் ஆடியது, டிரைவர் தலைக்கு மேலே சின்ன ஃபேன் சுற்றியது. அப்டேட் ஒரு மாட்டை உடைத்தது, ஒரு மாடரைத் தேற்றிவிட்டது. இதுதான் ஆட்டத்தை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருக்கும் ரகசியம். உடைவதும் ஒட்டுவதும் இந்த விளையாட்டுக்குள் இருக்கிற இன்னொரு விளையாட்டு. அதையும் சேர்த்து ரசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பழைய ஆட்டம் அலுக்காது.

ஆகையால் மகாஜனங்களே, இறங்குமுன் கண்டக்டரின் நாலு வார்த்தை. அப்டேட்டைத் தட்டுமுன் மாட் கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்துவையுங்கள். பழைய பதிப்பு வேண்டும் என்று கண்ட கண்ட தளத்தில் ஏபிகே இறக்காதீர்கள், பஸ்ஸோடு சேர்ந்து திருடனும் போனுக்குள் ஏறிவிடுவான். மாட் செய்கிறவர் வீடியோவின் கீழே ‘எப்போ வரும்?’ என்று கேட்பதற்குப் பதில், எந்தப் போன், எந்தப் பதிப்பு, எந்த இடத்தில் கோளாறு என்று எழுதுங்கள், பாதி வேலை அதிலேயே முடியும். ரோஸ் கலர் பஸ் வந்தால் திட்டாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அந்தப் பையனுக்கு ஒரு மாதம் டயம் கொடுங்கள். அவனுக்கு நாளைக்குப் பரீட்சை இருக்கிறது.